மாத்தளை வீதியும் மசகெண்ணெயும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் 1880ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. பாதை அவ்விடத்தோடு நின்றது. இன்றும் மாத்தளையே அதன் இறுதி நிலையம். ஆதலின் நாலந்தை, தம்புள்ளை வழியாக வடக்கே செல்லவேண்டிய பண்டங்கள் அந்நாளில் மாட்டுவண்டிகளையே நம்பியிருந்தன. வண்டியச்சுக்கு இட்ட மசகினைத் தமிழர் வண்டி மை என்றனர். ஆமணக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்த கரிய குழம்பு அது. மை வற்றினால் சில்லு கிறீச்சிடும். வண்டிக்காரன் இறங்கி மையிடுவான். குறையைக் காதே அறிவித்தது.

மோட்டார் வாகனம் வந்ததும் மசகு இரும்புப் பெட்டியினுள் மறைந்தது. எனினும் ஆமணக்கு உடனே விடைபெறவில்லை. காஸ்ரோல் என்னும் பெயரே அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909இல் ஆக்கப்பட்டதுதான். கடுஞ்சூட்டிலும் உலோகத்தைப் பற்றிநிற்கும் ஆற்றல் அவ்வெண்ணெய்க்கு உண்டு. நாளடைவில் பிசினாக இறுகுவது அதன் குறை. அழுக்கைத் தாங்கிநிற்கும் இரசாயனங்கள் சேர்ந்த கனிய எண்ணெய் பின்னர் அதன் இடத்தைப் பற்றியது. உராய்வைக் குறைத்தல், சூட்டைக் கடத்தல், கரியையும் துகளையும் ஏந்துதல், துருவைத் தடுத்தல் யாவும் அதன் கடன்களாயின.

அக்கடன்களுக்கு எல்லையும் உண்டு என்பதை மாத்தளை மலைகளில் தெளிவாகக் காணலாம். இரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்ரன் நோக்கி ஏறும் வாகனம் தாழ்ந்த கியரில் நெடுநேரம் உழைக்கின்றது. எண்ணெய் சூடேறி இளகுகின்றது. இறங்கும்போது நிலைமை வேறு. பெற்றோல் எஞ்சினின் காற்றுவழி மூடப்பட, உள்ளே வெற்றிடம் மிகுகின்றது. பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்திருப்பின் அவ்வெற்றிடம் எண்ணெயை எரியறைக்குள் உறிஞ்சும். அடிவாரத்தில் மீண்டும் வேகமெடுக்கையில் எழும் நீலப்புகை அதன் விளைவே. இவ்வாகனத்துக்கு நாள்தோறும் எண்ணெய் வார்ப்பது பராமரிப்பு ஆகாது. பிறேக் காய்ந்து பிடிமானம் இழப்பின் எஞ்சின் எண்ணெயால் ஆவதொன்றுமில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வெல்லையை மக்கள் அறியாதிருந்தனர் எனல் நியாயமன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்தது. புதிய வாகனமும் உதிரிப்பாகமும் அரிதாயின. பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் ஓடியே தீரவேண்டியிருந்தன. தேய்ந்த எஞ்சினுக்குத் தடித்த எண்ணெய் வார்த்தால் இரைச்சல் தணியும், அமுக்கமும் உயரும். ஆயின் காலைக் குளிரில் அது தாங்கிகளைச் சென்றடையத் தாமதிக்கும், தேய்வோ வளரும். வண்டி மை வற்றியதைச் சில்லே முறையிட்டது. இங்கோ எண்ணெயே முறையீட்டை அடக்கியது. சிலிண்டரைக் கடைந்து புதுப்பித்தலே உண்மையான பரிகாரம். அதற்குப் பணமும் பாகமும் வேண்டும்.

எண்ணெய் வாணிபமும் கைமாறிற்று. 1961இல் தோன்றிய இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மறு ஆண்டில் செல், எசோ, கல்ரெக்ஸ் என்பவற்றின் சொத்துக்களைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இழப்பீட்டுப் பிணக்கினால் 1963இல் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. 1994இல் கூட்டுத்தாபனத்தின் மசகெண்ணெய்த் தொழிலின் பெரும்பங்கை வாங்கியது அதே கல்ரெக்ஸ்தான்! 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டபின் மரக்கறி லொறிகள் இவ்வீதியில் இரவிரவாக ஓடலாயின. அவற்றின் எண்ணெயளவை இன்றும் சாரதியே கோலை உருவிப் பார்க்கின்றான். அளவு சரியாயிருக்கலாம், வளையத்தின் தேய்வைக் கோல் காட்டாது.