தொட்டால் குற்றமா?

பல வருடங்களுக்கு முன், பார்வை இழந்த என் பெரியம்மாவை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். கல் நந்தியின் முதுகில் அவர் கை வைத்ததும் காவலர் ஓடிவந்து அதட்டினார். பெரியம்மா கையை இழுத்துக்கொண்டார். வெளியே வரும்வரை பேசவில்லை. 'தொடாதீர்கள்' என்ற பலகை ஆதிகாலம் தொட்டு இருப்பது என்றே அன்று நினைத்தேன். அப்படியில்லை என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683-இல் திறக்கப்பட்டது. வந்தவர்கள் பொருள்களைக் கையில் எடுத்தே பார்த்தார்கள். சீலியா ஃபியன்ஸ் என்ற பெண்மணி, பார்வைக்குக் கனமாகத் தெரிந்த கைத்தடி ஒன்று கையில் எடுத்தால் எடையே இல்லை என்று எழுதிவைத்தார். 1710-இல் வந்த ஜெர்மானியர் உஃபென்பாக்குக்கோ ஒரே எரிச்சல்! ஆறு பென்ஸ் கொடுத்துவிட்டுப் பெண்கள்கூட உள்ளே வந்து கண்டதையெல்லாம் எடுக்கிறார்களே என்று.

19-ஆம் நூற்றாண்டில் பொதுமக்கள் கூட்டம் பெருகியது. கண்ணாடிப் பெட்டிகள் வந்தன, காவலும் வந்தது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பொருளைக் கெடுக்கும் என்பது நியாயந்தான். ஆனால் லண்டன் பேராசிரியை ஃபியோனா கேண்ட்லின், 2010-இல் வெளியிட்ட நூலில் வேறொன்றைச் சுட்டுகிறார். தொடுவது ஒழியவில்லை, காப்பாளரும் சேகரிப்பாளரும் தொட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். யாருடைய கை தொடலாம் என்பதே கேள்வி.

விரலுக்கும் அறிவு உண்டு என்பது பழைய சேதி. பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் பெயரளவில் படித்த திதெரோ, 1749-இல் பார்வையற்றோர் பற்றி ஒரு கடித நூல் வெளியிட்டார். அந்த வருடமே வேன்சேன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர், கண்களைவிட நீண்ட கைகளையே விரும்புவதாகச் சொன்னதை அதில் எழுதியிருக்கிறார்.

1913-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் சார்ல்டன் டீஸ் என்ற அதிகாரி, பார்வையற்ற பிள்ளைகளை அழைத்து, பதப்படுத்திய விலங்குகளையும் எலும்புக்கூட்டையும் தடவிப் பார்க்கச் செய்தார். பிறகு பெரியவர்களும் வந்தார்கள். இத்தாலியின் அங்கோனாவில் 1993-இல் ஹோமர் பெயரில் ஓர் அருங்காட்சியகமே எழுந்தது. போகும் இடமெல்லாம் தொடக்கூடாது என்று கேட்டுச் சலித்த பார்வையற்ற தம்பதியர் ஆல்டோ கிராசினியும் தானியேலா பொத்தெகோனியும் முயன்று அமைத்தது. புகழ்பெற்ற சிலைகளின் பிரதிகளை அங்கே எவரும் தொட்டுப் பார்க்கலாம்.

மூலச் சிலையைக் காக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு பிரதி வைப்பதற்கு என்ன பெரிய செலவு?

அன்று இரவு சாப்பிடும்போது பெரியம்மா தானாகவே சொன்னார்: "நந்தி நல்லா குளுகுளுன்னு இருந்துதுடா. கழுத்து மணி வரைக்கும் கை போறதுக்குள்ள கத்திட்டாரு."

அந்த மணியை அவர் கடைசிவரை தொடவே இல்லை.