முற்றுப்பெறாத தொடர்: 1919ன் ஸ்டான்லி கோப்பை

வட அமெரிக்கப் பனித்தள ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையில், வென்ற அணியின் பெயரும் ஆட்டக்காரர்களின் பெயர்களும் ஆண்டுதோறும் பொறிக்கப்படுவது மரபு. 1919ஆம் ஆண்டுக்குரிய இடத்தில் வென்றவர் பெயர் இல்லை. மான்ட்ரியல் கனேடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிடன்ஸ் என்று இரு அணிகளின் பெயர்களும், தொடர் நிறைவுறவில்லை என்று பொருள்படும் ஒரு வரியும் உள்ளன. அந்த வரியும் உடனே பொறிக்கப்பட்டதன்று. 1948ல் கோப்பையைத் திருத்தியமைத்தபோதுதான் அது இடம்பெற்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த வசந்தகாலம் கோப்பையில் வெற்றிடமாகவே இருந்திருக்கிறது.

இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஜோ ஹால் என்ற ஆட்டக்காரரின் மரணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. உலகையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா இன்னும் ஓயாத காலத்தில், இந்தத் தொடரை ஏன் தள்ளிப்போட முடியவில்லை?

விடை நுழைவுச்சீட்டு விற்கும் சன்னலில் இருக்கிறது. வானொலி ஒலிபரப்பு இன்னும் பிறக்கவில்லை. தொலைக்காட்சி பற்றிய கேள்வியே இல்லை. அரங்கிற்குள் வந்து அமர்ந்தவர் கொடுத்த காசுதான் அணியின் வருமானம் என்றே சொல்லிவிடலாம். கூட்டம் கூடக் கூடாது என்றால் வருமானம் கூடாது என்று பொருள். ஆனால் செலவுகள் நிற்பதில்லை. மேற்குக் கரையின் மிதமான குளிரில் பனித்தளம் தானாக உறையாது. இயந்திரத்தால் உறையவைக்க வேண்டும். 1911ல் ஃபிராங்க் பேட்ரிக், லெஸ்டர் பேட்ரிக் என்ற சகோதரர்கள் தம் தந்தையின் மரவியாபாரப் பணத்தைக் கொண்டு பசிபிக் கடற்கரை ஹாக்கி சங்கத்தைத் தோற்றுவித்து, வான்கூவரிலும் விக்டோரியாவிலும் செயற்கைப் பனி அரங்குகளைக் கட்டினார்கள். சியாட்டில் பின்னர் அதில் சேர்ந்தது; 1917ல் கோப்பையை வென்ற முதல் அமெரிக்க அணி என்ற பெயரும் பெற்றது.

கிழக்கே நிலைமை இன்னும் மெலிந்தது. 1917ல் தோன்றிய தேசிய ஹாக்கி லீக், 1918-19 பருவத்தில் மூன்றே அணிகளோடு நடந்தது. அவற்றுள் டொராண்டோ, பணநெருக்கடியால் 1919 பிப்ரவரியில் பாதியிலேயே விலகிக்கொண்டது. எஞ்சிய ஒட்டாவாவும் மான்ட்ரியலும் ஏழு ஆட்டத் தொடர் ஒன்றில் மோதின; வென்ற மான்ட்ரியல் ரயிலேறிக் கண்டத்தைக் கடந்து மேற்கே சென்றது. ஒட்டாவா அணியின் ஹாம்பி ஷோர், பருவம் தொடங்குவதற்கு முன்பே, 1918 அக்டோபரில் இதே காய்ச்சலின் தொடர்விளைவால் இறந்திருந்தார். ஆகவே அபாயம் அறியப்படாததன்று.

சியாட்டிலும் அறியாத ஊரன்று. 1918 அக்டோபரில் மேயர் ஓலே ஹான்ஸன் பள்ளிகளையும் திரையரங்குகளையும் தேவாலயங்களையும் மூடவைத்தார், முகக்கவசம் கட்டாயமாயிற்று. போர் ஓய்ந்த நவம்பர் நாட்களில் தடை நீங்கியது. அதன் பிறகு பேரலை கடந்துவிட்டது என்று நம்புவதற்கு அனைவருக்கும் காரணம் இருந்தது. அரங்க உரிமையாளர்களுக்குச் சற்று அதிகமாகவே இருந்திருக்கும்.

1919 மார்ச் 19 அன்று தொடர் தொடங்கியது. எல்லா ஆட்டங்களும் சியாட்டிலில்தான். இரு கரைகளின் விதிகளும் வேறு வேறு. மேற்கில் அணிக்கு எழுவர், கிழக்கில் அறுவர். ஆகவே ஆட்டத்திற்கு ஆட்டம் விதிகளை மாற்றி ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் சியாட்டில் 7-0 என வென்றது. இரண்டாவதில் மான்ட்ரியல் 4-2. நான்கு கோல்களையும் அடித்தவர் நியூஸி லலாண்ட். மூன்றாவதில் சியாட்டில் 7-2. நான்காவது ஆட்டம் கூடுதல் நேரம் வரை நடந்தும் ஒரு கோல்கூட விழவில்லை. சமநிலை என்று அறிவித்தார்கள். ஐந்தாவதில் 0-3 எனப் பின்தங்கியிருந்த மான்ட்ரியல், சமன்செய்து, கூடுதல் நேரத்தில் ஜாக் மெக்டொனால்ட் அடித்த கோலால் வென்றது. அந்த ஆட்டத்தின் நடுவிலேயே ஜோ ஹால் உடல் தளர்ந்து வெளியேறியிருந்தார்.

அன்றைய அணிகளில் மாற்று ஆட்டக்காரர்கள் மிகச் சிலரே. ரயில் பயணமும் தங்குமிடமும் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஒருவர் படுத்தால் மற்றவர் முழு நேரமும் ஆட வேண்டும். களைப்பும் காய்ச்சலும் ஒரே உடையறையில் வேர்த்துக்கிடந்த அந்த நாட்களை நினைத்துப் பார்க்கலாம்.

ஏப்ரல் 1 அன்று முடிவு ஆட்டம் நடக்கவேண்டும். ஹால், லலாண்ட், மெக்டொனால்ட் உள்ளிட்ட ஐந்து ஆட்டக்காரர்களும் அணியின் உரிமையாளரும் மேலாளருமான ஜார்ஜ் கென்னடியும் நோயுற்றுக் கிடந்தனர். அந்நிலையிலும் கென்னடி, விக்டோரியா அணியிலிருந்து ஆட்களைக் கடன்வாங்கி ஆட அனுமதி கேட்டார். ஃபிராங்க் பேட்ரிக் மறுத்தார். அப்படியானால் கோப்பையை விட்டுக்கொடுக்கிறோம் என்றார் கென்னடி. சியாட்டில் மேலாளர் பீட் முல்டூன் அதை ஏற்க மறுத்துவிட்டார். நோயால் வீழ்ந்தவர்களிடமிருந்து பெறும் கோப்பை வெற்றியாகாது என்பது அவர் நிலைப்பாடு. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஜோ ஹால் ஏப்ரல் 5 அன்று சியாட்டில் மருத்துவமனையில் நிமோனியாவால் இறந்தார். வயது 37. முரட்டு ஆட்டத்திற்காக அவருக்குப் பட்டப்பெயர் உண்டு. களத்தில் எவராலும் அசைக்கமுடியாதவர் என்று பெயரெடுத்தவர்.

கென்னடி உயிர் பிழைத்தார். ஆனால் முழுமையாக மீளவில்லை. நோயைத் தவிரவும் அவருக்கு அடிகள் விழுந்தன. அணி ஆடிவந்த மான்ட்ரியல் அரங்கம் 1918 ஜனவரியில் எரிந்துபோயிற்று. மாற்றாகப் பிடித்த ஜூபிலி அரங்கமும் 1919ல் தீக்கிரையானது. 1921 அக்டோபரில் கென்னடி இறந்தார். அவருடைய மனைவி அணியை லியோ டண்டூராண்டும் இரு கூட்டாளிகளும் அடங்கிய குழுவிடம் 11,000 டாலருக்கு விற்றார். அவர்கள் 1935ல் அதே அணியைக் கைமாற்றியபோது விலை 165,000 டாலர். அந்த 11,000 டாலர் தொகையை நான் கொள்ளைநோயின் கணக்கேட்டில்தான் சேர்ப்பேன். வரலாற்று நூல்கள் அதை ஆட்டத்தின் வளர்ச்சிக் கதையில் சேர்க்கின்றன.

சியாட்டில் அணியின் முடிவு வேறு விதமானது. 1924ல் அது கலைந்தது. அரங்கம் வாகன நிறுத்தகமாயிற்று. தேசிய ஹாக்கி லீக் அந்நகருக்கு வர 2021 வரை ஆனது.

நூற்றோராண்டு கழித்து அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2020 மார்ச் 12 அன்று தேசிய ஹாக்கி லீக், 189 ஆட்டங்கள் மீதமிருக்கையில் பருவத்தை நிறுத்தியது. இம்முறை காத்திருக்க முடிந்தது. ஆகஸ்டில் 24 அணிகளை டொராண்டோ, எட்மண்டன் என்ற இரு நகரங்களில் வெளியுலகத் தொடர்பின்றி அடைத்துவைத்து, ஆளில்லா அரங்குகளில் ஆடவைத்தார்கள். 33,000க்கும் மேற்பட்ட பரிசோதனைகளில் ஒருவருக்கும் தொற்று இல்லை என்று லீக் அறிவித்தது. செப்டம்பர் 28 அன்று டாம்பா பே அணி கோப்பையைத் தூக்கியது. சீட்டு ஒன்றுகூட விற்காமல் ஒரு தொடரை முடிக்க ஒளிபரப்புப் பணம் வழிசெய்தது.

இழப்பு மறைந்துவிடவில்லை. வருவாயில் பாதி ஆட்டக்காரர்களுக்கு என்பது அவர்கள் ஒப்பந்தம். வருவாய் சரிந்தபோது, அவர்கள் கூடுதலாகப் பெற்ற சம்பளம் கடனாக எழுதப்பட்டு, பின்வந்த பருவங்களில் பிடித்தம் செய்யப்பட்டது. அணிகளுக்கான சம்பள உச்சவரம்பு 8.15 கோடி டாலரில் மூன்று பருவங்கள் அசையாமல் நின்றது.

ஒளிபரப்புப் பணம் எட்டாத கீழ்நிலை லீக்குகளின் கதி வேறு. ஈ.சி.எச்.எல். என்ற லீக் 2020 மார்ச் நடுவிலேயே பருவத்தைக் கைவிட்டது. அதன் கெல்லி கோப்பை அவ்வாண்டு யாருக்கும் வழங்கப்படவில்லை. வாரச் சம்பளத்தில் வாழும் அதன் ஆட்டக்காரர்களுக்காக நிவாரண நிதி திரட்ட வேண்டியிருந்தது. அடுத்த பருவத்தில் ஏறத்தாழப் பாதி அணிகள் களமிறங்கவே இல்லை. பார்வையாளர் இல்லாமல் அரங்கைத் திறந்தால், திறக்காமலிருப்பதைவிட நட்டம் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. கென்னடிக்கு அந்தக் கணக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.