மழை நாள் விடுமுறையும் ஆசிரியர் பணிச்சுமையும்

பள்ளிக்கூடம் மூடப்பட்டால் ஆசிரியருக்கு ஓய்வு என்பது பொதுமக்களிடையே வேரூன்றிய எண்ணம். மழையோ வெள்ளமோ புகைமூட்டமோ வந்து பள்ளியின் வாயில் அடைபடும்போதெல்லாம் இவ்வெண்ணம் பேச்சாக வெளிப்படுகிறது. இஃது எங்கிருந்து பிறந்தது, எவ்வளவு உண்மை என்பவற்றை ஜொகூர் மாநிலத்து நிகழ்ச்சிகளைத் துணைக்கொண்டு ஆராய்வது பயனுடையது.

மலாயாவின் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டங்களிலேயே தோன்றின. கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் தோட்டத்தில் இருந்தால் நிர்வாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்று விதித்தது. பள்ளி வேண்டும் என்று கருதிய அக்காலம், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்பதில் அத்துணை அக்கறை காட்டவில்லை. பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, ஓரளவு எழுத்தறிந்த தொழிலாளியோ தம் வேலைக்கிடையே பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தனர். கற்பித்தல் முழுநேரத் தொழிலன்று, பிற வேலையோடு ஒட்டிய சிறு வேலை என்ற கருத்துக்கு அன்றே வித்திடப்பட்டது.

இதனோடு மழையும் சேர்ந்துகொண்டது. இரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருக்கும்போது பால் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் கோட்டை விட்டு வழிந்தோடும். மங்கில் சேர்வதும் மழைநீர் கலந்து கெடும். ஆகவே விடியலில் மழை என்றால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் மாதச் சம்பளத்தை நெடுங்காலம் வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கூலியிழந்து லயத்தில் முடங்கியிருந்த தொழிலாளியின் கண்ணுக்கு, சிறு தொகையேயாயினும் மழையால் குறையாத சம்பளம் பெற்ற வாத்தியார் பேறு பெற்றவராகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. அப்பார்வையில் பொறாமையைவிட வறுமையே மிகுதி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னும், அவ்வெண்ணம் மக்களோடு நகரத்துக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

இனி, மூடப்பட்ட பள்ளியின் உள்ளே நடப்பதைக் காண்போம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை இரு பெருவெள்ளங்கள் அடுத்தடுத்துத் தாக்கின. சிகாமட், கோத்தா திங்கி, மூவார், பத்து பகாட் வட்டாரங்களில் வெள்ளம் புகுந்தது. 18 பேர் உயிரிழந்தனர்; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். மலேசியாவில் வெள்ள நிவாரண மையம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடமே. இரண்டாம் வெள்ளம் வந்தபோது பள்ளி ஆண்டு பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. மாணவர்க்கு அடைபட்ட கதவு ஊராருக்குத் திறக்கிறது. பாடநூல்களை மாடிக்கு ஏற்றுதல், தங்கியிருப்போர்க்கு உதவுதல், நீர் வடிந்தபின் சேறு கழுவுதல், நனைந்த பதிவேடுகளை உலர்த்துதல், சீருடை இழந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தல் ஆகியவை எந்தப் பாட அட்டவணையிலும் இடம்பெறாத வேலைகள். ஆசிரியர் பத்துப் பேர்கூட இல்லாத சிறு தமிழ்ப்பள்ளியில் இச்சுமை ஒவ்வொருவர் தோளிலும் இரட்டிப்பாக விழுகிறது.

வானிலைக் கேடு நீரால் மட்டும் வருவதன்று. 2013 ஜூன் மாதம் மூவாரில் காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐக் கடந்து, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஜொகூர் நீரிணையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவுக்குக் கிழக்கே உள்ள பாசிர் கூடாங்கில், 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு காற்றை நஞ்சாக்கியது. மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே பாதிக்கப்பட்டனர். மார்ச் 13ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டத்தால் நாட்டின் பல பகுதிகளில் மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் நிலைமை மேலும் மாறியது. வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல் என்னும் முறை வந்தது. அது வந்தபின், வெள்ளத்தால் பள்ளி மூடப்பட்டாலும் பாடம் மூடப்படுவதில்லை. கைப்பேசி இல்லாத பிள்ளைக்குப் பயிற்சித்தாள், இணையம் கிட்டாத பிள்ளைக்குத் தொலைபேசி அழைப்பு என ஒரு பாடத்துக்கே இருவகை ஆயத்தம் வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். இழந்த நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்வது அங்கே வழக்கம். ஆகவே, பெற்ற விடுமுறை திருப்பிக் கொடுக்கவேண்டிய கடனாகிறது. பாடத்திட்டம் மழைக்காகச் சுருங்குவதில்லை.

பெற்றோர் பக்கத்து நியாயத்தையும் மறுத்தல் ஆகாது. பெர்மாஸ் ஜெயா போன்ற நகர்ப்பகுதிகளில் சிங்கப்பூருக்கும் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்வோர் பலர். பள்ளி திடீரென மூடப்பட்டால் பிள்ளையை யாரிடம் விடுவது? தோட்டத்திலாவது ஆயாக் கொட்டகை இருந்தது. அடுக்குமாடி வீட்டில் அதுவும் இல்லை. ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் ஊதியம் என்றிருப்பவருக்கு, அன்று மழைக்கு இழந்த அதே கூலிதான் இன்றும் இழப்பு. அவர் குறை கூறுவது ஆசிரியரை நோக்கியது போலத் தோன்றினும், அதன் வேர் பிள்ளைக் காப்பகமின்மையில் இருக்கிறது.

எனவே இவ்வழக்கில் ஆசிரியரும் பெற்றோரும் எதிர்க்கட்சிகள் அல்லர். மூடல் அறிவிப்பு முன்னிரவிலேயே பெற்றோரை எட்டுதல் வேண்டும். மூடப்பட்ட நாட்களில் ஆசிரியர் ஆற்றும் பணி பள்ளிக் குறிப்பேட்டில் நாள்தோறும் பதியப்பட்டு, பணிநேரக் கணக்கில் சேர்க்கப்படுதல் வேண்டும். எழுதப்படாத உழைப்பு எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத உழைப்பையே உலகம் ஓய்வு என்று பெயரிட்டு அழைக்கிறது.