கண்மடல் வடுவின் வரலாறு: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதியோர் எக்காலத்தில் எவர் எக்கருவியைக் கையாண்டார் என்பதையே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். கருவி நீங்கிய பின்னர் உடலில் எஞ்சும் வடு அவர்தம் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. ஆயினும், நோயாளி நெடுங்காலம் சுமந்து திரிவது அவ்வடுவையே. கண்மடலில் அமையும் வடுவோ பிறர் பார்வை முதலிற் படும் இடத்தே அமைவது. முகம் கெட்டுவிடும் என்னும் அச்சம் சிகிச்சையைப் பின்போடச் செய்யும். பின்போட்டாற் சில நோய்களிற் பார்வைக்கே கேடு நேரும். தீச்சுட்ட புண் ஆறும், நாச்சுட்டது ஆறாது என வேறுபடுத்தினார் வள்ளுவர். கத்தியிட்ட வடு ஆறுமா என்னும் வினாவுக்கு மருத்துவ மரபுகள் அளித்த விடைகளைப் புத்தளக் கரையோரத்தை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலாபந் தொட்டுக் கற்பிட்டி வரை நீளும் இக்கரையோரம் வெயிலும் உப்பும் மிக்கது. உப்பளத்தில் உழைப்போரும் கடனீரேரியிலும் கடலிலும் வலைவீசுவோரும் நாள் முழுவதும் கண்ணைச் சுருக்கியே தொழில் செய்கின்றனர். பல பண்பாடுகள் வந்து கூடிய துறைமுகப் பகுதியும் இதுவே. மாலைதீவிலிருந்து புறப்பட்ட இபன் பதூதா 1344 இல் புத்தளத்தில் இறங்கினார். அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதையும், அம்மன்னன் பாரசீக மொழியை விளங்கிக் கொண்டதையும் அவர் தம் பயண நூலிற் பதிவு செய்துள்ளார். தமிழ் மன்னனொருவனும் அரபுப் பயணியொருவரும் ஒரு கரையிற் சந்தித்த அந்நிகழ்ச்சி, அவ்விருவர்க்கும் பின்னணியாயிருந்த இரு அறிவு மரபுகளை நமக்கு நினைவூட்டுகின்றது. பின்னர் போர்த்துக்கேயரும், 1667 இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தரும், அவர்க்குப்பின் ஆங்கிலேயரும் வந்தனர். ஆகவே இந்திய, அரபு, ஐரோப்பிய மரபுகள் மூன்றையும் ஒருங்கே நோக்குதற்கு இக்கரை பொருத்தமான இடமாகும்.

இம்மூன்று மரபுகளும் எதிர்கொண்ட நோய்களுள் ஒன்று, இமைமயிர் உட்புறமாகத் திரும்பிக் கருவிழியை உராய்தலாகும். திரக்கோமா என்னும் தொற்றுநோய் கண்மடலின் உட்புறத்திலே தழும்பை உண்டாக்கும். அத்தழும்பு சுருங்குகையில் மடலின் விளிம்பு உள்நோக்கி இழுபடும். முதுமைத் தளர்ச்சியாலும் இவ்வாறு நேர்வதுண்டு. உராய்வு நீடிப்பின் கருவிழி வெளுத்துப் பார்வை மங்கும்.

இந்நோயை வடமொழியிலமைந்த சுசுருத சங்கிதை பக்ஷ்மகோபம் எனக் குறிக்கின்றது. புருவத்துக்கும் இமைமயிருக்கும் இடையே, ஒரு கடைக்கண் முதல் மறு கடைக்கண் நோக்கி, யவதானிய வடிவில் தோலை வெட்டி நீக்குமாறு அது கூறும். காயத்தை மயிரினால் தைத்து, தேனும் நெய்யும் பூசி, நெற்றியிற் பட்டி கட்டி, தையல் மயிரை அப்பட்டியோடு பிணைக்க வேண்டும்; புண் நன்கு பொருந்திய பின்னரே மயிரை நீக்க வேண்டும். அந்நூல் புண்ணுக்குரிய அறுபது உபக்கிரமங்களை வகுக்குமிடத்து, வெளுத்த வடுவைக் கருமையாக்குதலையும் கறுத்த வடுவை வெளிறச் செய்தலையும் அவற்றுட் சேர்த்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. புண் மூடியதோடு வைத்தியனின் கடமை முடிவதில்லை. தோல் தன் இயல்பு நிறத்தை அடையும்வரை அது நீள்கின்றது என்பதே இதன் பொருளாகும்.

அரபு மரபில், ஸ்பானியாவின் கோர்டோவாப் பகுதியில் வாழ்ந்த அல் ஸஹ்ராவி, கி.பி. 1000 அளவில் எழுதிய மருத்துவக் களஞ்சியத்தில் இதே நோய்க்குப் பல முறைகளை வகுத்தார். தோலை இலைவடிவில் வெட்டித் தைத்தல் ஒன்று. மேர்ட்டில் இலையின் வடிவிற் சூடிடுதல் மற்றொன்று. மடலின் தோலை மடித்து, இரு மெல்லிய குச்சிகளுக்கிடையே இறுகக் கட்டி, அது பட்டு உதிரும்வரை விட்டுவிடுதல் பிறிதொன்று. பக்தாதில் வாழ்ந்த அலி இப்னு ஈஸாவின் கண்வைத்திய நூலும் பன்னூற்றாண்டு போற்றப்பட்டது. இம்மரபு யூனானி என்னும் பெயரில் இலங்கையில் இன்றும் நிலைபெற்றுள்ளது.

யவதானியமும் மேர்ட்டில் இலையும் நடுவே அகன்று இருமுனையும் கூர்ந்தவை. அவ்வடிவக் காயத்தின் விளிம்புகள் சுருக்கமின்றி ஒன்றோடொன்று பொருந்தும். கோடு மடலின் இயல்பான மடிப்போடு இசைந்து கிடக்கும். இதனினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. உட்புறத் தழும்பின் இழுவையை வெல்ல, வெளிப்புறத்தில் மற்றொரு தழும்பை இவ்வைத்தியர்கள் வேண்டியே உண்டாக்கினர். தோல் குறைந்து வடு சுருங்க, இமைமயிர் வெளிநோக்கித் திரும்பிற்று. வடுவே மருந்தாயிற்று எனலாம். ஆயினும் காலப்போக்கில் தோல் தளர்ந்து நோய் மீளுதல் உண்டு. ஆதலின் இன்றைய சத்திரசிகிச்சை தோலோடு நில்லாது, மடலின் உள்ளேயுள்ள உறுதியான தட்டையும் வெட்டித் திருப்புகின்றது.

ஐரோப்பாவில் உரோம எழுத்தாளர் செல்சசு முதலாம் நூற்றாண்டிலேயே மேல்மடலின் மிகைத்தோலை நீக்குதல் பற்றி எழுதினார். 1818 இல் ஜேர்மனியரான கிராபே கண்மடற் சீரமைப்புக்குத் தனிப்பெயர் இட்டார். 1861 இல் வியன்னாவின் லாங்கர் தோலின் இழுவிசைக் கோடுகளை வரைந்து காட்டினார். அக்கோடுகளுக்கு இசைய இடப்படும் கீறல் மெல்லிய வடுவையே விடும் என்னும் கொள்கை இதிலிருந்து வளர்ந்தது. 1867 இல் லிஸ்ரர் தொற்றுநீக்கும் முறையை வெளியிட்டார். சீழ்பிடித்த புண்ணே தடித்த வடுவாகும் ஆதலின், வடுவின் வரலாற்றில் இது பெருந் திருப்பமாகும்.

அதே 1867 இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்கரான அவர் 1864 இல் தமிழ்வழி மருத்துவ வகுப்பையும் தொடங்கியிருந்தார். இதற்குச் சற்று முன்னர், 1859 இல், கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி ‘தமிழ் புளூராக்’ என்னும் நூல் வாயிலாகத் தமிழ்ப் புலவரை ஆங்கில உலகுக்கு அறிமுகஞ் செய்திருந்தார். ஒருவர் தமிழரின் அறிவை ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்றார். மற்றவர் மேலைநாட்டு அறிவைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். கிறீன் தொடக்கிய தமிழ்வழிப் போதனை அவருக்குப்பின் நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது.

இனி, வடு மங்குமாற்றை இன்றைய அறிவு கூறுமாறு காண்போம். கண்மடலின் தோல் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது, குருதியோட்டம் மிக்கது. ஆதலின் அங்கு புண் விரைந்து ஆறும். தையலைப் பெரும்பாலும் 5 முதல் 7 நாட்களுள் நீக்குவர். பின்னர் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மிகுதியாகத் தோன்றுதலால், முதல் ஓரிரு மாதங்களில் வடு சிவந்து சற்றே தடித்திருக்கும். நோயாளி கண்ணாடி முன் மனந்தளர்வது இக்காலத்திலேயே. ஆனால் அது ஆறுதலின் ஒரு படியேயாகும். முதலிலே தோன்றிய நார் நீங்கி உறுதியான நார் அமையும்; புதிதாய் முளைத்த குருதிக்குழாய்கள் குறையும்; சில மாதங்களில் வடு தட்டையாகி வெளிறும். முழு முதிர்ச்சிக்கு ஓராண்டளவு செல்லும். மடிப்பினுள் அமைந்த பகுதி கண்ணுக்குப் புலப்படாது மறையும். கடைக்கண்ணுக்கு அப்பால் நீண்ட முனை மட்டும் நெடுநாள் தெரியக்கூடும். கருநிறத் தோலரிடம் உடலின் பிற இடங்களில் மிகை வளர்ச்சித் தழும்பு தோன்றுவதுண்டு. கண்மடலில் அது அரிது. எனினும் வடு கறுத்தல் உண்டு, வெயில் அதனை மிகுவிக்கும்.

இங்கேதான் புத்தளக் கரையோரம் மீண்டும் நம் கவனத்துக்கு வருகின்றது. உப்புப் பாத்தியும் கடனீரும் வெயிலைத் திருப்பியெறிவன. சிகிச்சை பெற்ற உழைப்பாளி சில வாரங்களில் அவ்வெயிலுக்கே மீள வேண்டியவர். அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருக்கு அலங்காரமல்ல. மருந்தின் ஒரு பகுதியாகும். சிவந்த வடு தோல்வியன்று, ஓராண்டு பொறுத்தால் மங்கும் என்பதை அவருடைய மொழியில் எடுத்துரைப்பதும் அம்மருந்தின் பகுதியே. பண்டை வைத்தியர் தையல் மயிரை நீக்கியபின் வடுவின் நிறத்தையும் கவனித்தனர். கிறீன் அவ்வறிவுத் துறைக்கே தமிழில் நூல் செய்தார். இவ்விரு கடமைகளும் ஒருங்கே நிறைவேறுமாயின், வடுவுக்கு அஞ்சிப் பார்வையை இழக்கும் நிலை ஒருவருக்கும் வாராது.