விட்ட இடத்திலிருந்து

வீடியோ கேம் ஆடுகிறவர்களிடம் என்ன வசதி வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பார் ஒருவர். ஒரே டிவியில் இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும் என்பார் இன்னொருவர். பழைய கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கும் என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒத்துப்போகிற ஆசை ஒன்று உண்டு. நினைத்த நேரத்தில் அணைத்துவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். இந்த ஆசை வீட்டுக்குள் கேம் நுழைந்த நாளிலேயே பிறந்தது.

வீட்டுக்கு வெளியே அதற்குத் தேவை இருக்கவில்லை. 1972இல் வந்த பாங், 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எல்லாம் காசு போட்டு நின்றுகொண்டு ஆடியவை. ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த காசு விழும். வீடு அப்படி இல்லை. சாப்பிடக் கூப்பிடுவார்கள், வாசலில் ஆள் வருவார். 1976இல் அமெரிக்காவில் ஜெர்ரி லாசன் தலைமையிலான குழு உருவாக்கிய ஃபேர்சைல்டு சேனல் எஃப் பெட்டியில் ஆட்டத்தை நிறுத்திவைக்க ஒரு பட்டன் இருந்தது. வீட்டுப் பெட்டிகளில் அப்படி ஒரு பட்டன் வந்தது அதுதான் முதல். ஆனால் ஸ்விட்சை அணைத்தால் ஆட்டமும் போச்சு.

காரணம் எளிது. நாம் கேசட் என்று சொன்ன அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் இருப்பதைப் படிக்கத்தான் முடியும், அதில் எழுத முடியாது. 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் பெட்டிக்குச் சொந்த நினைவகம் வெறும் 2 கேபி. அதுவும் கரண்ட் இருக்கும்வரைதான்.

1986இல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் இதற்குக் காசில்லாத வழி ஒன்று கண்டது. ஆட்டக்காரரின் அனுபவப் புள்ளி, கையிருப்புத் தங்கம், ஆயுதம் எல்லாவற்றையும் சுருக்கி 20 ஜப்பானிய ஹிரகானா எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரமாகத் திரையில் காட்டும். நோட்டில் எழுதிக்கொண்டு மறுநாள் அதை உள்ளிட வேண்டும். நினைவகம் பெட்டியில் இல்லை, பிள்ளைகளின் நோட்டில் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் இது 52 எழுத்துவரை நீண்டது. ஓர் எழுத்து பிசகினாலும் மந்திரம் தவறு என்று திரை சொல்லிவிடும்.

அதே காலத்தில் பேட்டரி வந்தது. ஜப்பானில் டிஸ்கில் வெளியான லெஜண்ட் ஆஃப் செல்டா, 1987இல் அமெரிக்காவுக்குத் தங்க நிற கேசட்டாகப் போனது. உறவினர் கொண்டுவந்து தந்த ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதன் ஸ்க்ரூவில் பிடிக்காது, 3.8 மி.மீ. தனி பிட் வேண்டும். உள்ளே போர்டில் வாட்ச் பேட்டரி மாதிரி ஒரு சிஆர்2032 செல். அந்த 3 வோல்ட்தான் பெட்டி அணைந்த பிறகும் நினைவகச் சிப்பை உயிரோடு வைத்திருக்கிறது. செல்லைக் கழற்றினால் சேமித்த ஆட்டம் அழியும். அதனால் முதலில் இரண்டு பென்சில் செல்லைத் தொடராகச் சேர்த்து 3 வோல்ட் கொடுத்துவிட்டு, பிறகுதான் பழையதன் காலில் சால்டரிங் அயர்ன் வைக்க வேண்டும். அணைக்கும்போது ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொள் என்று அந்த கேமே சொல்லும். கரண்ட் இறங்கும் நொடியில் பிராசஸர் தாறுமாறாக எதையாவது எழுதிவிடக் கூடாது என்பதற்காக.

தொண்ணூறுகளில் நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல் பெட்டிகள். கவரில் ஆயிரக்கணக்கில் கேம் என்று போட்டிருக்கும், உள்ளே அதே மரியோவும் கான்ட்ராவும் திரும்பத் திரும்ப வரும். பேட்டரிக்குச் செலவு செய்ய யாருக்குப் பைத்தியம்? மரியோவில் 8 உலகம், 32 கட்டம். எல்லா உயிரும் போனபின் ‘ஏ’ பட்டனை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் தட்டினால் செத்த உலகத்தின் தொடக்கத்திலிருந்து ஆடலாம் என்பது தெரிந்தவன்தான் தெருவில் ராஜா. கரண்ட் போனால் அந்த ராஜாவும் முதல் கட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

1994இல் பிளேஸ்டேஷன் வந்தபோது நினைவகம் கைக்குள் அடங்கும் தனிப் பொருளாகிவிட்டது. 128 கேபி கார்டு, ஆட்டங்களைச் சேமிக்க 15 பிளாக். பிறகு பிளேஸ்டேஷன் 2க்கு 8 எம்பி கார்டு. மணிக்கணக்கில் காசு வாங்கும் கேம் கடைகளுக்குப் பையன்கள் தங்கள் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். கடைக் கார்டில் சேமித்தால் அடுத்தவன் அழித்துவிடுவான் என்ற பயம்.

இதுவரை தடையாக இருந்தது விலை. 1996இல் ரெசிடெண்ட் ஈவில் வேறு தடை போட்டது. அதில் டைப்ரைட்டர் இருக்கும் அறையில்தான் சேமிக்க முடியும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு மை ரிப்பன் செலவாகும். ரிப்பன் அரிது. பயத்தைக் கூட்டவே இந்தக் கஞ்சத்தனம், அது பலித்தது. எங்கு வேண்டுமானாலும் சேமிக்கலாம் என்றால் தோற்கும் பயமே போய்விடும் என்று கேம் செய்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதற்கும் விடை 1980ஐ ஒட்டியே கிடைத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கிய ரோக் என்ற கேமில் எப்போது வேண்டுமானாலும் சேமித்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து திறந்ததும் அந்தக் கோப்பு அழிந்துவிடும். நிறுத்தலாம், ஏமாற்ற முடியாது.

2021 ஏப்ரலில் ஃபின்லாந்தின் ஹவுஸ்மார்க் நிறுவனம் 825 ஜிபி கொண்ட பிளேஸ்டேஷன் 5க்கு ரிட்டர்னல் என்ற கேமை வெளியிட்டது. ஒரு சுற்று மணிக்கணக்கில் ஓடும், நடுவில் சேமிக்க வழியில்லை. ஆட்டக்காரர்கள் விடாமல் கேட்டார்கள். அக்டோபரில் கிடைத்தது: சேமித்து அணைக்கலாம், திரும்பத் திறந்தால் அந்தச் சேமிப்பு அழியும். நாற்பது வருடத்துக்கு முன் இரண்டு மாணவர்கள் செய்ததுதான்.

நினைவகம் விலை கூடியதாக இருந்த காலத்தில் 20 எழுத்து மந்திரத்தைப் பொறுத்துக்கொண்டோம். இன்று நடுவில் நிறுத்த விடாத கேம், ஆடுகிறவரின் நேரத்தை மதிக்காத கேம். பிள்ளைகளுக்கு கேம் வாங்கித் தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: “ஐந்து நிமிஷத்தில் அணை” என்று அதட்டும் முன், அந்த கேமில் அப்படி அணைக்க வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.