கேசின் தூதுக்கு எத்தனை மணி ஆயுள்?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் முழம் போட்டு விற்கிற குண்டுமல்லிக்குக் கூந்தலைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும்போதும், பிறந்த பிள்ளை தங்காமல் போனபோதும், பால் கட்டி வலிக்கிற மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வைத்தியம். பால் நிற்கும்போது உள்ளே என்ன முடிகிறது? பெரும்பாலும், ஓர் இழையின் ஆயுள்.

இழையின் பெயர் பீட்டா கேசின் தூது ஆர்.என்.ஏ.; கேசின் என்ற பால்புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் படி அது. பிறப்பு, பால்சுரப்பிச் செல்லின் உட்கருவில். புரோலாக்டின் ஹார்மோன் செல்லின் வெளிச்சவ்வில் வந்து ஒட்டியதும், ஸ்டாட்5 என்ற புரதம் உட்கருவுக்குள் போய்க் கேசின் மரபணுவைப் படியெடுக்க வைக்கிறது. எடுத்த படியில் வேண்டாத துண்டுகள் வெட்டப்படுகின்றன. தலையில் ஒரு தொப்பி ஏறுகிறது. பின்னால் அடினின் எழுத்து மட்டுமே சுமார் 200 தடவை திரும்பத் திரும்ப வரும் வால் முளைக்கிறது. உட்கருத் துளை வழியே வெளியே வந்தால் ரைபோசோம்கள் வரிசை கட்டி அதைப் படித்துக் கேசினைக் கோத்துத் தள்ளுகின்றன. அந்தக் கேசின் கால்சியத்தோடும் பாஸ்பேட்டோடும் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு பாலில் கலக்கிறது. புதுச்சேரியின் பாண்லே பால் பாக்கெட்டுக்குள் இருக்கும் வெண்மையில் இந்த உருண்டைகளுக்கும் பங்கு உண்டு.

வாலுக்கு வருவோம், கதையே அதில்தான்: வால் கரைந்தால் தூதின் ஆயுளும் முடியும். 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜெஃப்ரி ரோசன் குழு எலியின் பால்சுரப்பித் துண்டுகளைத் தட்டில் வளர்த்து அளந்து பார்த்தது. புரோலாக்டின் கொடுத்தால் கேசின் மரபணு படியெடுக்கப்படும் வேகம் 2 முதல் 4 மடங்குதான் கூடியது. ஆனால் வெளியே வந்த தூதின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம், 17 முதல் 25 மடங்கு நீண்டது. ஹார்மோன் இல்லாதபோது ஏறக்குறைய 5 மணி நேரம். இருந்தால் 92 மணி நேரம். மரபணு என்றாலே சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்தான் என்று நாம் படித்து வந்திருக்கிறோம். பால் விஷயத்தில் அது பாதிக் கதைகூட இல்லை.

ஜப்பானியக் குழு ஒன்று 2000இல் சுண்டெலிகளில் வாலையே அளந்தது. குட்டி பால் குடித்து மடி காலியாகிக்கொண்டிருந்தால் வால் நீளமாக இருக்கிறது. பால் தேங்கினால் குறைகிறது. எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் 2016இல் தொடங்கிய ‘அமுதம்’ தாய்ப்பால் மையத்துக்குப் பால் எடுத்துக் கொடுக்கிற தாயின் மார்பும் அப்படித்தான் சுரந்துகொண்டிருக்கிறது.

பால் குடி நின்ற பிறகு தூதின் சாவு விரைவு. நொதிகள் வாலைக் கரைக்கின்றன, தொப்பி கழல்கிறது, மிச்சம் இரண்டு முனையிலிருந்தும் தின்னப்படுகிறது. உதிர்ந்த எழுத்துகளைச் செல் வேறு படிகளுக்கு எடுத்துக்கொள்ளும். அதே நேரத்தில் வேறு சில தூதுகளின் வாயும் அடைக்கப்படுகிறது: மிர்-424, மிர்-503 என்ற குட்டி ஆர்.என்.ஏ.க்கள் பெருகி, செல்லை உயிரோடு வைத்திருக்கும் பி.சி.எல்-2 புரதத்தின் தூதை முடக்குவதை 2014இல் சுண்டெலியில் காட்டினார்கள். பிறகு செல்களே சாகத் தொடங்குகின்றன. சுண்டெலியில் முதல் இரண்டு நாளுக்குள் குட்டியைத் திரும்ப விட்டால் சுரப்பி மீண்டுகொள்ளும். அதைத் தாண்டினால் அடுத்த பிரசவம் வரை காத்திருக்க வேண்டியதுதான். பசு இவ்வளவு அவசரப்படாது. சினைமாட்டை ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னால் வற்றவிடுகிறபோது அதன் மடி சுண்டெலியைப் போல் மொத்தமாகக் கலைந்துபோவதில்லை. பழைய செல்கள் போய்ப் புதியவை வர இடம் கிடைக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன மல்லிகை வைத்தியத்தைச் சோதித்தவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். பிரசவித்த பெண்களில் சிலருக்குப் பூவையும் சிலருக்குப் புரோலாக்டினைக் குறைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்து 1988இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும் இரத்தப் புரோலாக்டின் இறங்கியது. மாத்திரையில் இன்னும் அதிகமாக. பால் கட்டுதல், சுரப்பு, வலி மாத்திரைத் தேவை மூன்றிலும் பூ சளைக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்குப் பால் திரும்பவும் சுரந்தது. 1994இல், பக்கவிளைவுக்குப் பயந்து, பால் நிறுத்த அந்த மாத்திரையைக் கொடுக்கும் வழக்கத்தை அமெரிக்கா கைவிட்டது.