உண்ணிக் காய்ச்சலும் உறைகலன் ஊசியும்

சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்த கதை ஏற்காட்டில் பலருக்கும் தெரியும். சீமை மாடு மலையேறிய கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. காப்பிக்கு வெகுகாலம் பின்னால், சினை ஊசி வழியாக வந்தது அது. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஃப்ரீசியன் என்று அரசு இனவிருத்திக் கொள்கை வகுத்தது. நாட்டு மாடு கொஞ்சமாகத்தான் கறந்தது. ஆனால் உண்ணிக் கடியைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. கலப்பினத்துக்குப் பால் கூடியது, அந்தத் தாங்கும் சக்தி குறைந்தது.

உண்ணியின் எச்சிலோடு மாட்டுக்குள் இறங்கும் ஒட்டுண்ணிகளில் கொடியது தைலேரியா அனுலேட்டா. 1904இல் காக்கசஸ் பகுதியில் அடையாளம் காணப்பட்ட இது, வெள்ளையணுக்குள் புகுந்து அதைப் புற்றுநோய்போலப் பெருகவைக்கும். பிறகு சிவப்பணுவுக்குத் தாவும். காய்ச்சல், நிணநீர்க் கட்டி வீக்கம், ரத்தசோகை என்று மாடு சில நாட்களிலேயே படுத்துவிடும்.

இதன் மேலுறைப் புரதம் ஒன்றை மட்டும் எடுத்துத் தடுப்பூசி செய்தால் என்ன? அங்கேதான் சிக்கல். சிவப்பணுக் கட்டத்தில் அது போர்த்தியிருக்கும் 'டாம்ஸ்-1' புரதம் ஊருக்கு ஊர் மாறுகிறது; ஒரே மாட்டின் ரத்தத்தில்கூடப் பல வடிவங்கள் இருக்கலாம். ஒரு சட்டையை அடையாளம் வைத்துத் திருடனைத் தேடுகிற கதைதான். அதனால் பழைய வழியே நிலைத்தது: நோயுற்ற உயிரணுக்களை ஆய்வகத்தில் மாதக்கணக்கில் வளர்த்து, வீரியம் போனதும் உயிரோடு செலுத்துவது. தேசிய பால்வள வாரியத்தின் முயற்சியில் உருவான 'ரக்ஷாவேக்-டி' இந்த வகை. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில்தான் அதை வைக்க முடியும். கலப்பினத்தைக் கொண்டுவந்த உறைவிந்துக்கும் அதே குளிர்தான் என்பது வேடிக்கை.

அந்த ஊசி எட்டாத இன்னொரு உறவுக்காரன் உண்டு: தைலேரியா ஓரியண்டாலிஸ். சாதுவானது என்றே பாடநூல்கள் எழுதிவைத்திருந்தன. ஆனால் கேரளத்தின் வயநாட்டில் வளர்ந்த கலப்பின மாடுகள் இதனால் இறந்ததை 2011இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். மேலுறைப் புரதத்தின் மரபணுவை வைத்து இதை 11 வகைகளாகப் பிரிக்கிறார்கள். தென்னிந்தியாவிலேயே ஒன்றுக்கு மேற்பட்டவை உலவுகின்றன. தடுப்பூசி இன்னும் வரவில்லை. புபார்வாகுவோன் மருந்தும் உண்ணி ஒழிப்பும்தான் கைவசம்.

காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டுண்ணி தெரிந்துவிடும். எந்த வகை என்பது மட்டும் தெரியாது. அதற்கு மாதிரி மலையிறங்கி மரபணு ஆய்வகம் போயாக வேண்டும்.